பல்வலியும் பெரியப்பாவும்: ஷாங் மன்னரின் ஆரூட எலும்புகளைப் பற்றிச் சில எண்ணங்கள்



சீனர்களின் செங் பெங் நாளை ஒட்டி, என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பழஞ்சீனத்தின் ஆரூட எலும்புகளைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் பேசினேன். மறுநாளே பெற்றோர் இருவர் என்னைக் காண வந்தனர். ஒருவர் தந்தை. “டீச்சர், குறி பார்ப்பதும் இறந்தவர்களுக்குப் படைப்பதும் மூடநம்பிக்கை அல்லவா? அதைப் பள்ளியில் எதற்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?” என்று வினவினார். மற்றவர் ஒரு தாய். அவருடைய வருத்தம் வேறு. “நம் முன்னோர் அறியாததா? சீனருடைய எலும்பைப் பற்றி நம் பிள்ளைகள் எதற்குத் தெரிந்து கொள்ள வேண்டும்?” என்றார்.

இருவருக்கும் அங்கேயே நின்றபடி சுருக்கமாக ஏதோ சொன்னேன். அந்த மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் வரலாற்று ஆய்வாளர் அல்லள். ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. எனினும் சில ஆண்டுகளாக இப்பொருளைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் ஆர்வத்தோடு படித்து வருகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லி விடுகிறேன். இன்றைய ஹெனான் மாநிலத்தில் அன்யாங் என்னும் நகரம் உள்ளது. அதன் அருகே, கி.மு. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஷாங் அரச மரபினரின் இறுதித் தலைநகரம் இருந்தது. அம்மன்னர்கள் எதைச் செய்வதற்கு முன்னும் குறி கேட்டார்கள். மழை வருமா, விளைச்சல் எப்படி, வேட்டைக்குப் போகலாமா, எந்த முன்னோருக்கு எத்தனை மாடு பலியிடுவது, நேற்றிரவு கண்ட கனவுக்கு யார் காரணம் என்று எல்லாவற்றுக்கும் குறிதான். அதற்குப் பயன்பட்டவை ஆமையின் அடிவயிற்று ஓடும் மாட்டின் தோள்பட்டை எலும்பும்.

செய்முறையைக் கேளுங்கள். எலும்பைத் தூய்மை செய்து, தேய்த்து மெருகேற்றி, அதன் பின்புறத்தில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் குடைவார்கள். குறி கேட்கும்போது அக்குழியில் தீக்கங்கு போன்ற சூடான ஒன்றை வைத்து அழுத்துவார்கள். சூட்டினால் எலும்பு வெடித்து முன்புறத்தில் விரிசல் தோன்றும்: ஒரு நெட்டுக்கோடு, அதன் பக்கவாட்டில் கிளைக்கும் ஒரு குறுங்கோடு. அந்த விரிசலின் வடிவமே குறிபார்த்தலைக் குறிக்கும் சீன எழுத்தாக இன்றளவும் நிலைத்திருக்கிறது. மண்டரின் மொழியில் அதனைப் ‘பு’ என்பர். காண்டனீஸ் பேசும் நம் அண்டை வீட்டார் ‘புக்’ என்பர். எலும்பு வெடிக்கும் ஓசையே அச்சொல்லாயிற்று என்று கருதும் அறிஞர்களும் உளர். வகுப்பில் இதைச் சொன்னவுடன் முப்பது பிள்ளைகளும் மேசையைத் தட்டிப் ‘புக், புக்’ என்று ஒலி எழுப்பினார்கள்; பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

விரிசலைப் படித்த பிறகு, எந்த நாளில் எந்தக் குறிகாரர் எதைக் குறித்து எலும்பைச் சுட்டார் என்பதை அவ்வெலும்பின் மீதே பொறித்து வைத்தார்கள். சில வேளைகளில் மன்னர் விரிசலைப் பார்த்துச் சொன்ன கணிப்பையும் பின்னர் என்ன நடந்தது என்பதையும்கூடச் சேர்த்துப் பொறித்தார்கள். இவையே இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைமையான, முழுமை பெற்ற சீன எழுத்துகள். ஏறத்தாழ 150,000 துண்டுகள் கிடைத்துள்ளன. அவற்றில் காணப்படும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தனி எழுத்துகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே உறுதியாகப் படிக்கப்பட்டுள்ளது. அன்யாங்கிலுள்ள சீன எழுத்து அருங்காட்சியகம், படிக்கப்படாத ஓர் எழுத்தைத் தக்க சான்றோடு படித்துக் காட்டுவோருக்கு 100,000 யுவான் பரிசளிப்பதாக 2016இல் அறிவித்தது. என் மாணவன் ஒருவன் உடனே குறிப்பேட்டைத் திறந்து கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.

இனிப் பல்வலிக்கு வருகிறேன். கி.மு. 1200ஐ ஒட்டி ஆண்ட வூ டிங் என்னும் மன்னருக்குப் பல்வலி வந்தது. பல்வலிக்கு யார் காரணம்? இறந்துபோன முன்னோர் எவரோ சினம் கொண்டிருக்க வேண்டும். அவர் யார் என்று தெரிந்தால்தானே உரிய படையலிட்டு அமைதிப்படுத்தலாம்? எனவே ஒரே ஆமையோட்டில் நால்வரைப் பற்றித் தனித்தனியே குறி பார்த்திருக்கிறார்கள்: தந்தை ஜியா, தந்தை கெங், தந்தை சின், தந்தை யி. ஒவ்வொருவருக்கும் ‘இவரே காரணம்’ என்று ஒன்று, ‘இவர் காரணமல்லர்’ என்று ஒன்று. ஒரே செய்தியை உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் வைத்துப் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். இவ்வாக்கியங்கள் உண்மையில் கேள்விகளே அல்ல, முன்வைக்கப்படும் கூற்றுகள் என்று டேவிட் கீட்லி போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். நாம் ‘குறி கேட்டல்’ என்று பழக்கத்தில் சொல்கிறோம். அவர்கள் கேட்டார்களா, சொல்லிப் பார்த்தார்களா என்பதே ஆய்வுக்குரிய ஒரு சிக்கல்.

மாணவர்கள் சிரித்தார்கள். “ஒருவருக்கு எப்படி டீச்சர் நான்கு அப்பா?” என்று கேட்டார்கள். அந்நால்வரும் உடன்பிறந்தோர். நால்வரும் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறியவர்கள். கடைசியானவரே வூ டிங்கைப் பெற்றவர். தந்தையின் உடன்பிறந்தாரையும் ‘தந்தை’ என்னும் அதே சொல்லால் ஷாங் மக்கள் அழைத்தனர். இதை ஆங்கிலத்தில் விளக்கும் நூல்கள் அரைப்பக்கம் செலவழிக்கின்றன. நான் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்: மற்ற மூவரும் பெரியப்பாக்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியப்பா கோபித்துக் கொண்டால் வீட்டில் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். இது மூடநம்பிக்கையா? இறந்த பெரியப்பா பல்வலியைத் தருவார் என்று நான் நம்பவில்லை. என் மாணவர்களும் நம்பவில்லை. பல் வலித்தால் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? ஆனால், ‘மூடநம்பிக்கை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்து போகிறது. அதன்பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லை. எதற்காக அவர்கள் இத்தனை உழைத்தார்கள், எதற்காக எழுதி வைத்தார்கள், யார் படிப்பதற்காக எழுதினார்கள் என்ற வினாக்கள் எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்து விடுகின்றன. நம்புவது வேறு, அறிந்து கொள்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பத்து வயதில் கற்பிக்காமல் எப்போது கற்பிப்பது?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. பழையவர்கள் செய்ததனைத்தும் மறைந்திருக்கும் அறிவியல் என்று சொல்லும் செய்திகள் கைப்பேசிகளில் நாள்தோறும் வலம் வருகின்றன. நம்மவர் பற்றியும் வருகின்றன, சீனர் பற்றியும் வருகின்றன. அதற்கும் நான் உடன்பட மாட்டேன். விரிசலைப் பார்த்து மழையைக் கணிக்க முடியாது. மன்னரின் கணிப்பு தவறிப்போனதாக எழுதிய எலும்புகள் மிகவும் அரிது என்பதையும் கவனிக்க வேண்டும். கணிப்பு எப்போதும் பலித்தது என்று அதற்குப் பொருளில்லை. எதைப் பொறிப்பது, எதை விடுவது என்பதை முடிவு செய்தது அரண்மனை அல்லவா?

இரண்டாவதாக வந்த அம்மையாரின் வருத்தத்துக்கே நான் நீண்ட விடை சொல்ல விரும்புகிறேன்.

இவ்வெலும்புகள் வெளிப்பட்ட வரலாற்றைப் பாருங்கள். மருந்துக் கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் பழைய எலும்புகளை விற்று வந்தார்கள். பொடித்து மருந்தாக உண்டார்கள். 1899இல் பெய்ஜிங்கில் அரசக் கல்விக்கழகத்தின் தலைவராக இருந்த வாங் யீரோங் என்னும் அறிஞர், அவற்றில் பழைய எழுத்துகள் இருப்பதை உணர்ந்து வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். அவருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது, வாங்கி வந்த மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தபோது எலும்பில் எழுத்தைக் கண்டார் என்று ஓர் அழகான கதை உண்டு. பல ஆண்டுகள் நானும் அக்கதையை வகுப்பில் சுவையாகச் சொல்லி வந்தேன். பிற்பாடுதான் அது நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் கழித்து எழுத்தில் வந்த கதை என்றும், ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை என்றும் படித்தேன். வெட்கமாகவே இருந்தது. இவ்வாண்டு, கதையைச் சொல்லிவிட்டு, இதை ஏன் நம்பக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கதையைவிட அதைக் குலைத்ததுதான் அதிகம் பிடித்திருந்தது என்பது எனக்கே வியப்பு.

வாங் யீரோங் 1900இல் வெளிநாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தபோது தற்கொலை செய்து கொண்டார். அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி லியூ அ என்னும் நண்பரிடம் சென்றது. அவர் 1903இல் பொறிப்புகளின் மைப்படிகளைத் தொகுத்து முதல் நூலாக வெளியிட்டார். எலும்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதை வணிகர்கள் மறைத்தே வந்தனர். அன்யாங்கின் அருகிலுள்ள சியாவ்தூன் சிற்றூரே அவ்விடம் என்பதை லுவோ சென்யூ 1908இல் அறிந்தார்.

அதன்பின் வந்தவர் வாங் குவோவெய். இவருடைய பணியைத்தான் நான் ஒவ்வொரு தமிழாசிரியரும் அறிய வேண்டும் என்பேன். ஷாங் மன்னர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று, கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமா சியான் எழுதிய வரலாற்று நூலில் இருந்தது. ஷாங் மரபு வீழ்ந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட பட்டியல் அது. அதை எப்படி நம்புவது? பழம்பெருமைக் கதைகளை ஐயத்தோடு நோக்கும் போக்கு அக்காலச் சீன அறிஞரிடையே வலுப்பெற்று வந்தது. வாங் குவோவெய் 1917இல் எலும்புகளிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து அப்பட்டியலோடு ஒப்பிட்டார். வெவ்வேறு சேகரிப்புகளில் கிடந்த இரு உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டார். சேர்த்துப் படித்தபோது முன்னோர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. பட்டியல் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால், மூவரின் வரிசையைச் சிமா சியான் மாற்றி எழுதியிருந்தார் என்பதையும் அதே எலும்பு காட்டிக் கொடுத்தது.

கவனியுங்கள். சீனரின் பழைமை மேடைப்பேச்சினால் நிலைநாட்டப்படவில்லை. ‘எங்கள் நூல் சொல்கிறது, ஆகவே உண்மை’ என்று அவர்கள் நின்றுவிடவில்லை. ஐயுற்றார்கள், தோண்டினார்கள், ஒட்டிப் பார்த்தார்கள். 1928 முதல் 1937 வரை அன்யாங்கில் 15 பருவங்கள் அகழாய்வு நடந்தது. 1936ஆம் ஆண்டு சூன் மாதத்தில், அந்தப் பருவத்துப் பணி முடியும் தறுவாயில், ஒரே குழியில் 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து, பெட்டியிலிட்டு நாஞ்சிங்குக்குக் கொண்டு சென்று பொறுமையாகப் பிரித்தெடுத்தார்கள். குறிகாரர்களின் பெயர்களையும் எழுத்தின் போக்கையும் கொண்டு எந்த எலும்பு எந்த மன்னர் காலத்தது என்று பிரிக்கும் முறையை டோங் சுவோபின் 1933இல் வகுத்தளித்தார். அவ்வளவு உழைப்புக்குப் பிறகும், ஷாங்குக்கு முந்திய சியா மரபைப் பற்றி அக்காலத்து எழுத்துச் சான்று இன்றுவரை கிடைக்கவில்லை. ஒன்று மெய்யானதால் மற்றதும் மெய்யாகத்தான் இருக்கும் என்று சொல்வோரும் அங்கே உண்டு. அதனை ஏற்காத ஆய்வாளரும் உண்டு.

தமிழின் தொன்மையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை. நானும் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால், அண்டை வீட்டுக்காரர் தம் முன்னோரை எப்படிச் சான்றோடு மீட்டார் என்று தெரிந்த பிள்ளை, நாளை நம்முடைய வரலாற்றைப் பற்றிப் பேசும்போதும் ‘சான்று என்ன?’ என்று கேட்கும். அப்படிக் கேட்பது தமிழுக்குச் செய்யும் தீங்கு என்று எண்ணும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குள்ள கருத்து வேறுபாடு இன்று நேற்றையதன்று.

இதில் முன்னோர் வழிபாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஷாங் மக்களின் வாரம் பத்து நாள்களைக் கொண்டது. இறந்த மன்னர் ஒவ்வொருவரும் அப்பத்து நாள்களில் ஒன்றின் பெயரைப் பெற்றார். வூ டிங் என்பதில் ‘டிங்’ என்பது நாளின் பெயரே. அந்தந்த நாளில் அவரவருக்குப் படையல். யாரும் விடுபடக் கூடாது என்பதற்காக முறை வைத்து, பட்டியல் வைத்துச் செய்தார்கள். மரபின் கடைசிக் காலத்தில் ஐவகைப் படையல்களும் எல்லா முன்னோரையும் சுற்றி முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அந்தப் படையல் பட்டியல்தான் மூவாயிரம் ஆண்டு கழித்து வாங் குவோவெய்க்கு மன்னர் வரிசையாயிற்று.

எல்லாமே இனிமையான செய்தி அன்று. அப்படையல்களில் மாடும் ஆடும் மட்டுமல்ல, மனிதர்களும் பலியிடப்பட்டார்கள். சியாங் என்று குறிக்கப்படும் மேற்குப் புறத்து மக்களைச் சிறைபிடித்து வந்து, எத்தனை பேரைப் பலியிடுவது என்று குறி பார்த்த எலும்புகள் பல. அரசக் கல்லறைப் பகுதியில் பலிக்குழிகள் வரிசை வரிசையாக அகழப்பட்டுள்ளன. இதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? நான் சொன்னேன். விரிவாகச் சொல்லவில்லை, இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். மறைத்துவிட்டால், முன்னோர் எல்லாரும் நல்லவர் என்னும் இன்னொரு கதையையல்லவா நான் கட்டியவளாவேன்?

இறுதியாக ஃபூ ஹாவ். இவர் வூ டிங்கின் மனைவியருள் ஒருவர். போர்களுக்குத் தலைமை தாங்கியவர். ஒரு பொறிப்பின்படி அவருக்காகத் திரட்டப்பட்ட படை 13,000 பேர். 1976இல் செங் சென்சியாங் என்னும் பெண் தொல்லியலாளரின் தலைமையில் இவருடைய கல்லறை அகழப்பட்டது. திருடர் கைபடாத கல்லறை. 468 வெண்கலப் பொருள்கள், 755 பச்சைக்கல் பொருள்கள், ஏறத்தாழ 6,900 சோழிகள். அவரோடு பலியிடப்பட்ட 16 பேரும் அங்கே இருந்தார்கள்.

இந்த ஃபூ ஹாவ் கருவுற்றிருந்தபோது, மகப்பேறு நன்றாக அமையுமா என்று குறி பார்த்தார்கள். டிங் நாளில் பிறந்தால் நன்று, கெங் நாளில் பிறந்தால் மிக நன்று என்று மன்னர் கணித்தார். முப்பத்தொன்றாம் நாள், வேறொரு நாளில் குழந்தை பிறந்தது. அது நன்றாக அமையவில்லை என்றும், பெண் என்றும் அந்த ஓட்டில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் பையன்கள் ஒன்றும் பேசவில்லை. பெண் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கை உயர்த்தினாள். “அந்தப் பாப்பாவின் பெயர் என்ன டீச்சர்?” என்று கேட்டாள். அந்த ஓட்டில் பெயர் இல்லை என்றேன். “அம்மா பெரிய படைத்தலைவி. அப்புறம் எப்படிப் பெண் பிள்ளை நல்லதில்லையாம்?” என்று அடுத்த வினா. அதற்கு என்னிடம் விடையில்லை. மூவாயிரம் ஆண்டுக்கு முன்னர் மட்டும் எழுந்த வினா அன்று அது என்பதை அவளிடம் சொல்லவும் மனம் வரவில்லை. ஃபூ ஹாவ் இறந்தபின் அவரும் முன்னோர் வரிசையில் சேர்க்கப்பட்டு, ‘அன்னை சின்’ என்ற பெயரில் படையல் பெற்றார் என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பணி கொடுத்திருந்தேன். தத்தம் குடும்பத்தில் எத்தனை தலைமுறையின் பெயர்கள் தெரியும் என்று கேட்டு எழுதி வர வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், யார் சொன்னார்கள், அல்லது எந்தத் தாளில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். பெரும்பாலோர் தாத்தாவோடு நின்றுவிட்டார்கள். மூடநம்பிக்கை என்று கேட்டாரே, அந்தத் தந்தை, மறுவாரம் மீண்டும் வந்தார். தம் தாயாரிடம் தொலைபேசியில் பேசி, பழைய பிறப்புச் சான்றிதழையும் தேடியெடுத்து, நான்கு தலைமுறையை மகனுடைய தாளில் நிரப்பிக் கொண்டு வந்திருந்தார். கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. கொள்ளுப்பாட்டியின் பெயருக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. வயதான அத்தை ஒருவர் தைப்பிங்கில் இருக்கிறாராம். அவரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.